இரண்டு மில்லி செகண்ட்

ஆறுச்சாமியின் எண்ணெய் ஆலைக்கு
மூன்று மாதமாக அபராதம்.
பில்லை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்து
கொழிஞ்சாம்பாறையிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு
பஸ் ஏறி வந்தார்.
தேங்காய் எண்ணெய் ஊறிய தாளில்
மறுபக்கத்து மலையாளமும் சேர்ந்து தெரிந்தது.
"என் மேல என்ன குத்தம்னு எழுதியிருக்கு,
வாசிச்சுச் சொல்லம்மா."

தாமதம், என்றேன்.
உங்கள் மோட்டாரில் மின்னழுத்தம் முன்னால் போகிறது,
மின்னோட்டம் பிந்தி வருகிறது.

"ஒரு மாசம்கூட நான் லேட்டா கட்டினதில்லையே."

மோட்டாரைத் தூக்கி மேசைமேல் வைக்க முடியாது.
திரையில் ஒரு சுருள், ஒரு மின்தடை போதும்,
ஐம்பது ஹெர்ட்ஸில் ஒரு சைன் அலை.
தரைக்குறி மறந்து ஒருமுறை திட்டு வாங்கி
தரைக்குறி போட்டு ஓட்டினேன்.
பச்சை, அழுத்தம். சிவப்பு, ஓட்டம்.
தொடக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்
இரண்டும் பூஜ்யத்திலிருந்து
ஒன்றாகவே புறப்பட்டிருந்தன.
வித்தியாசமே இல்லை என்று
பேனாவால் எழுதியும் விட்டேன்.

பிரசீதா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.
"ஆரம்பத்துல அளக்காதே.
ஆரம்பத்துல எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும்.
பத்துச் சுற்று போகட்டும்."
சொன்னவளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

பத்துச் சுற்று போகவிட்டேன்.
அலை உடைந்த முறுக்கு மாதிரி மூலை மூலையாய் இருந்தது;
நேரப்படியைச் சிறிதாக்கினேன், வளைந்து கொடுத்தது.
பச்சை கோட்டைத் தாண்டி ஏறும் இடத்தில் ஒரு கர்சர்,
சிவப்பு ஏறும் இடத்தில் இன்னொன்று.
நடுவே இரண்டு மில்லி செகண்ட்.
முழுச் சுற்றுக்கு இருபது என்றால்
முப்பத்தாறு பாகை.
கண் இமைப்பதற்குள் எத்தனையோ முறை நடந்து முடிகிற
இந்தத் தாமதத்துக்குத்தான்
மாதம் நாலாயிரத்துச் சொச்சம்.

சுவரில் இரண்டு காலண்டர்.
ஒன்றில் மார்கழி, ஒன்றில் தனு.
ஒன்றுக்கு ஆண்டு பிறப்பது சித்திரையில்,
மற்றதற்குச் சிங்கத்தில்,
அதாவது நம் ஆவணியில்.
நாலு மாதம்; பன்னிரண்டு மாதச் சுற்றில்
நூற்றிருபது பாகை.
வாசலில் நிற்கும் கம்பத்தில்
ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் அவ்வளவுதான்.
பிரசீதாவிடம் காட்டினேன்.
"அப்ப நாங்க லேட்டா?"
நாலு மாதம் பிந்தி என்றும் சொல்லலாம்,
எட்டு மாதம் முந்தி என்றும் சொல்லலாம்,
திரையில் இரண்டுக்கும் ஒரே படம்.
"முந்தின்னே போடு" என்று
டீ வாங்கப் போனாள்.

மோட்டாருக்கு இணையாக ஒரு கெபாசிட்டர் வைத்தேன்.
மதிப்பைக் கூட்டக் கூட்ட
சிவப்பு நெருங்கி வந்தது.
பேராசையில் இன்னும் கூட்டினேன்,
பச்சையைத் தாண்டி முன்னால் போய் நின்றது.
குறைத்தேன்.
ஒரு மில்லி செகண்டுக்கும் கீழே, போதும்.

வியாழக்கிழமை பெட்டியைப் பொருத்தினோம்.
செக்கு சுற்றிக்கொண்டிருந்தது.
ஆறுச்சாமி மோட்டாரின் அருகே தலை சாய்த்து
வெகுநேரம் கேட்டார்.
"சத்தம் மாறலையே."
மாறாது.
"சூடு?"
அதுவும் அப்படியேதான்.
மோட்டாருக்குள் ஓட்டம் இன்னும் பிந்தித்தான் வருகிறது,
வெளியே வரும் கம்பியில்தான் சரியாயிருக்கிறது,
வாரியத்தின் மீட்டர் கம்பியைத்தான் பார்க்கும்.

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.
"அப்ப இவன் திருந்தலை.
வெளியில மட்டும் நல்ல பேரு."

அடுத்த பில் வரட்டும், பணம் தருகிறேன் என்றார்.
கையில் ஒரு பாட்டில் எண்ணெய் கொடுத்தார்.
வேலந்தாவளம் பஸ்ஸில்
ஜன்னலோர வெயிலில் வைத்திருந்தேன்.
உச்சி தாண்டி இரண்டு மணி நேரம்.
கணவாய்க் காற்று முகத்தில் அடிக்க
பாட்டிலுக்குள் எண்ணெய்
காலைப் பனியிலேயே இன்னும் வெள்ளையாய் நின்றது.